கதைக்காத ரெண்டு கொம்பியூட்டரும் மாமியின்ர சோத்துக் கோப்பையும்

லண்டனில பனி கொட்டி பஸ்ஸெல்லாம் நிண்டுபோன நாள் ஞாபகம் இருக்கோ? ரெண்டாயிரத்து ஒன்பது. பெரிய பெரிய ஆக்களெல்லாம் வேலைக்குப் போகாமல் றோட்டில பனியை உருட்டி எறிஞ்சு விளையாடிச்சினம். அந்தப் பனி கரைஞ்ச கையோடதான் செவன் கிங்ஸில இருந்த எங்கட சின்னக் கடைக்கு இன்டர்நெற் வந்தது.

நானும் மனுசியும் மட்டன் றோல்ஸ் பொரிச்சு விக்கிறனாங்கள். மகள்மாரைக் கட்டின மருமக்கள் ரெண்டு பேரும் கொம்பியூட்டர்காரர். மூத்தவர் பிரான்ஸில இருந்து வந்தவர், வெய்யிலுக்கும் கழுத்தில சால்வை சுத்துவார். சனம் வீட்டில இருந்தே ஓடர் குடுக்க அவர் ஒரு வெப்சைட் செய்தார், பி.எச்.பி.யில. கடைக்குள்ள என்ன விக்குது, என்ன மிச்சம் எண்டு பாக்க இளையவர் ஒண்டு செய்தார், டொட் நெற்றில. எனக்கு ரெண்டும் மருந்துப் பேர் மாதிரித்தான் கேட்டது.

கரைச்சல் என்னெண்டால், ரெண்டும் ஒண்டோட ஒண்டு கதைக்காது. கடையில றோல்ஸ் முடிஞ்சாலும் வெப்சைட் தன்ர பாட்டுக்கு வித்துக்கொண்டிருக்கும். ஒரு சனிக்கிழமை பிளேஸ்டோவில இருந்து ஒரு தங்கச்சி, மகளின்ர பிறந்தநாளுக்கு ஓடர் குடுத்தவ, வந்து நிக்கிறா. இங்க சட்டி காலி.

"றோல்ஸ் இல்லாட்டி ஏன் அண்ணை படம் போடுறியள்? வாற பிள்ளையளுக்குப் படத்தையோ தின்னக் குடுக்கிறது?"

மனுசி அடுப்பை நூத்துப்போட்டா. "இன்னொரு சனிக்கிழமை இப்பிடி நடந்தால் நான் பொரிக்க மாட்டன். கடையைப் பூட்டுங்கோ." சொன்னால் செய்யிற ஆள்.

அண்டு பின்னேரம் மருமக்கள் ரெண்டு பேரும் எங்கட சாப்பாட்டு மேசையில இருந்து பிடுங்குப்படுகினம்.

"தம்பி, உம்மட சாமான் ஒண்டையும் என்ர பக்கம் திறக்க ஏலாது. வெறும் எழுத்தும் இலக்கமும் எண்டால் வாசிப்பன்."

"அண்ணை, உங்கட சைட் ஆரும் வந்து தட்டினால்தான் முழிக்குது. அடுத்த நிமிசம் படுத்திடுது. முடிஞ்சுதெண்டு நான் ஆருக்குச் சொல்லுறது?"

எங்கட மனுசியின்ர வழக்கத்தையும் சொல்லவேணும். அவ மருமக்களோட நேர கதைக்க மாட்டா. குசினிக் கதவுக்குப் பின்னால நிண்டு, "அவையைச் சாப்பிடச் சொல்லுங்கோ" எண்டு எனக்குச் சொல்லுவா. நான் இல்லாட்டி, சோத்துக் கோப்பையை மேசையில வைச்சிட்டு உள்ள போயிடுவா. கோப்பையைக் கண்டால் அவை வந்து சாப்பிடவேண்டியதுதான். அண்டைக்கும் நான் வீட்டுக்குள்ள வர முதலே ரெண்டு கோப்பை சத்தமில்லாமல் வந்திருந்தது.

நான் பகிடிக்குக் கேட்டன், "ஏன் தம்பியவை, மாமி இத்தினை வருசமா உங்களோட ஒரு சொல்லுக் கதைச்சவவோ? அதுக்காக நீங்கள் பட்டினியே கிடந்தனீங்கள்?"

இளையவர் கோப்பையைப் பாத்தார். பிறகு சகலனைப் பாத்தார். "அண்ணை, மிச்சம் எத்தினை எண்டு நான் ஒரு வெறும் பைலில எழுதி வைக்கிறன். நீங்கள் ஓடர் எடுக்க முதல் அதை எட்டிப் பாத்தால் என்ன?"

"ஓம், அது ஏலும்! நான் எடுக்கிற ஓடரையும் எழுதி வைக்கிறன், நீர் வந்து பாரும்."

சோறு ஆறிப்போச்சு.

அடுத்த சனிக்கிழமை பிளேஸ்டோத் தங்கச்சி போன் அடிச்சா. "றோல்ஸ் முடிஞ்சுதெண்டு உங்கட கொம்பியூட்டர் உண்மை சொல்லுது அண்ணை. நீங்களும் அதிட்ட உண்மை சொல்லப் பழகுங்கோ."

மனுசிக்குச் சிரிப்பு. கதவுக்குப் பின்னால நிண்டு சொன்னா, "கெட்டிக்காரப் பிள்ளையள் எண்டு அவையிட்டச் சொல்லுங்கோ."

நான் போய்ச் சொன்னன். "மாமியோ? போங்கோ மாமா, உங்கட பகிடி!" எண்டு ரெண்டு பேரும் சிரிச்சினம். இண்டைக்கும் அவை நம்பேல்லை. ஆர்ச்வே கோயிலடியில வெய்யிலுக்குச் சால்வை சுத்தின ஒருத்தரைக் கண்டால், நீங்களாவது சொல்லிவிடுங்கோ: மாமி மெய்யாத்தான் சொன்னவ.