இளைத்த உடம்புக்கு எவ்வளவு சோறு

எடையைக் குறைப்பது எப்படி என்று எனக்கு எத்தனையோ பேர் சொல்லித் தந்தார்கள். குறைத்த பிறகு என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர்தான் ஆரம்பித்து வைத்தார். எண்பத்தெட்டு கிலோவோடு போய் மாத்திரையைக் குறைக்க முடியுமா என்று கேட்டால் அவர் என்ன செய்வார். "நீங்க எடையைக் குறைங்க, நான் மாத்திரையைக் குறைக்கேன். இல்லேன்னா அடுத்தது ஊசிதான்" என்றார். ஊசி என்ற சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. அது தவசுக் காலம் தொடங்கிய வாரம். சாம்பல் புதனன்று எல்லாரையும் போல ஒரு வேளைச் சாப்பாட்டோடு இருந்தேன். மறுநாளும் ஏறக்குறைய அப்படியே இருந்து பார்த்தேன். முடிந்தது. நீட்டிக்கொண்டே போனேன். ஈஸ்டர் வந்து, தெருவெல்லாம் கறி மணத்த அன்றைக்கும் நான் நிறுத்தவில்லை. பங்குக் கோயிலில் சிலர் அதைப் பெரிய பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அறுபத்தொன்பதுக்கு வந்துவிட்டேன். மாத்திரை பாதியானது. டாக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார். கவலை அதற்குப் பிறகுதான் வந்தது.

சென்னையில் இருக்கும் மகள் என் போனில் கலோரி எண்ணும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதைப் பார்க்கப் போய், அதன் பக்கத்தில் வருகிற கட்டுரைகளையும் படித்தேன். உடம்பு இளைத்தால் அது செலவழிக்கிற சக்தியும் குறைந்துவிடுமாம். பட்டினி கிடந்த உடம்பு சிக்கனத்தைக் கற்றுக்கொள்ளுமாம். பழையபடி சாப்பிட ஆரம்பித்தால் போன எடை அத்தனையும் திரும்பி வருமாம். எப்போதுமே அறுபத்தொன்பது கிலோவாக இருக்கிறவனும், இளைத்து அறுபத்தொன்பதுக்கு வந்தவனும் ஒன்றில்லையாம். இரண்டாமவனுக்கு இன்னும் குறைவாகத்தான் சோறு.

இந்த அநியாயம் என்னை ரொம்ப நாள் வாட்டியது. என்னோடு துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் என் உயரம், இப்போது என் எடை. சாயங்காலம் கடையில் சால்னாவில் ஊறப்போட்டு நாலு பரோட்டா சாப்பிட்டுவிட்டு, வீட்டில் போய் சோறும் சாப்பிடுவார். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு சர்க்கரை போடாத டீயோடு நான் உட்கார்ந்திருப்பேன்.

"என்னவே, பரோட்டாவ அப்படிப் பாக்கீரு. வயித்துவலி வந்துரும் எனக்கு."

"நீரு சாப்பிடும். நான் சும்மா எண்ணுதேன்."

"எதை?"

"கலோரி."

"இவ்வளவு நாள் மூட்டைய எண்ணுனது பத்தலையா. கடைக்காரரே, இவருக்கு ஒரு முட்டை வீச்சு போடும். அதுல எத்தனைன்னு எண்ணிக்கிட்டே சாப்பிடட்டும்."

அவர் சொன்னது பொய்யில்லை. நான் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து ஒவ்வொரு தூக்காகச் சரக்கு இறங்கும்போது பக்கத்தில் நின்று எண்ணுவதுதான் அந்த வேலை. நாலு கோடு, குறுக்கே ஐந்தாவது. மூட்டை கனமா, லேசா என்பது எங்கள் பாடில்லை. அதற்கு எடைமேடையும் வேறு ஆட்களும் இருந்தார்கள். எண்ணிக்கை கப்பல்காரர் எண்ணிக்கையோடு ஒத்துப்போனால் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. படி ஏறினால் எண்ணுவேன். பூசையில் எத்தனை பேர் என்று எண்ணுவேன். ஆகவே சாப்பாட்டை எண்ணுவது எனக்கு ஒரு சிரமமாகவே தெரியவில்லை.

காலையில் நாலு இட்லி. மதியம் இரண்டு கரண்டி சோறு, ஒரு துண்டு மீன், காய். சாயங்காலம் ஒரு டம்ளர் மோர். ராத்திரி இரண்டு தோசை. ஒவ்வொன்றுக்கும் ஆப் ஒரு எண் சொல்லும். கூட்டிப் பார்ப்பேன். எடை அறுபத்தொன்பதில் நின்றது. ஆனால் எனக்கு அது விளிம்பில் நிற்பதுபோல இருந்தது. ஒரு கல்யாணச் சாப்பாடு போதும், திரும்ப ஏறிவிடும். இன்னும் இரண்டு கிலோ குறைத்து வைத்துக்கொண்டால் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். நாலு இட்லியை மூன்றாக்கினேன்.

எடை இறங்கவில்லை. மூன்றாவது வாரம் அரை கிலோ ஏறியிருந்தது.

அன்றைக்கு எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. குறைத்துச் சாப்பிட்டு எடை ஏறுகிறது என்றால், படித்ததெல்லாம் என் உடம்பில் நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். உடம்புக்குள் எரிகிற அடுப்பு அணைந்துவிட்டது. ராத்திரித் தோசையில் ஒன்றை விட்டேன். எடை அப்படியே நின்றது. சோற்றை ஒரு கரண்டியாக்கினேன். அப்படியே நின்றது. இனி எதைக் குறைப்பது?

அதோடு குளிர் வேறு. தூத்துக்குடியில் குளிருகிறது என்று ஒருவன் சொன்னால் யார் நம்புவார்கள். உப்பளத்துப் பக்கமிருந்து அனல் அடிக்கிற மத்தியானத்தில் நான் ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்வையோடு படுத்திருப்பேன். என் மனைவி பக்கத்தில் வியர்த்து வழிய உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பாள். கல்யாண மோதிரம் கழன்று கழன்று விழுந்தது. அதில் நூல் சுற்றித் தந்தாள். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அண்ணாச்சி, என்ன இப்படி ஆயிட்டிய. டாக்டர்ட்ட காட்டுனியளா?" நானாகத்தான் குறைத்தேன் என்று சொன்னால், "சரி, சரி" என்று இன்னும் தாழ்வாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில் இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை, அவளைத் தவிர. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். அப்போதுதான் சொன்னேன்.

"நாளையிலேருந்து ராத்திரிச் சாப்பாடே வேண்டாம்னு பாக்கேன்."

அவள் வாசலில் மீன் வாங்கிக்கொண்டு நின்றவள் திரும்பிப் பார்த்தாள். மீன்காரம்மாவை அனுப்பிவிட்டு வந்து, மீன் சட்டியைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அதுக்கு முன்னால ஒரு டயட் டாக்டரப் போய்ப் பாப்போம். அவங்க நிறுத்தச் சொன்னா நிறுத்துங்க. நான் ஒண்ணும் பேசல."

எனக்கும் அது சரியென்றே பட்டது. இளைத்த உடம்புக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று ஒரு எண் கிடைத்தால் போதும். அந்த எண்ணோடு மிச்ச நாளைக் கழித்துவிடுவேன்.

அந்த டயட் டாக்டர் என் மகளைவிடச் சின்னப் பெண். எடை பார்த்தாள், உயரம் பார்த்தாள், ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். காலை மூன்று இட்லியிலிருந்து ராத்திரி ஒரு தோசை வரைக்கும். அவள் எழுதிக்கொண்டே வந்து, கூட்டிப் பார்த்து, பேனாவை வைத்துவிட்டாள்.

"ஐயா, இவ்வளவுதான் சாப்பிடுறீங்கன்னா எடை நிக்கவே கூடாது. இறங்கிக்கிட்டே இருக்கணும்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். உடம்பு எரிக்கிறத நிறுத்திட்டு."

"அப்படி நிறுத்தாது ஐயா. இளைச்ச உடம்புக்குக் கொஞ்சம் கம்மியா வேணும், அது உண்மைதான். ஆனா இவ்வளவு கம்மியா இருக்காது. எண்ணுறதுல எங்கயோ தப்பு இருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எண்ணுறதுல தப்பா? நான் வேலை பார்த்ததே எண்ணுறதுலதான்மா. என் டாலியில ஒரு மூட்டை கூடுனது குறைஞ்சது கிடையாது."

அந்தப் பெண் என் மனைவியைப் பார்த்தாள். இவள் மடியில் வைத்திருந்த கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இட்லித் தட்ட மாத்திட்டேன்" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"மொத தட்டு சின்னக் குழிம்மா. இப்ப உள்ளது பெரிசு. ஆழமும் கூட. ஒண்ணு ஒண்ணரைக்குச் சமம் இருக்கும். சோத்துக் கரண்டியும் மாத்திட்டேன். ஒரு கரண்டி சோறுன்னு சொன்ன நாள்லருந்து குழம்புக் கரண்டியில அமுக்கித்தான் போடுதேன். மோரு வெண்ணெ எடுக்காத தயிர்லதான் அடிக்கேன். தோசை ஒண்ணுதான், ஆனா அது பெரிய கல்லுல ஊத்துனது."

"எண்ணெ?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"அதும் உண்டு."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்புத்தான். நான் என் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நான் பக்கத்துலதான உக்காந்து சாப்பிட்டேன்? எனக்குத் தெரியாமலா?"

"நீங்க எத்தனன்னுதானே பாப்பிய. எம்புட்டு பெரிசுன்னு என்னைக்குப் பாத்திய?"

அந்தப் பெண் மறுபடியும் முதலிலிருந்து கூட்டினாள். இந்தத் தடவை அளவு சொன்னவள் என் மனைவி. தட்டு, கரண்டி, கல் என்று கையாலேயே வட்டம் போட்டுக் காட்டினாள். கூட்டி முடித்தபோது நான் நினைத்திருந்ததைவிட எவ்வளவோ அதிகமாக வந்தது.

"ஐயா, உங்க உடம்புக்கு ஒண்ணும் ஆகல. இவ்வளவு சாப்பிட்டுத்தான் எடை ஒரே இடத்துல நிக்குது. உங்க வயசுக்கு இது நல்லதுதான். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தாதீங்க. பருப்பு, முட்டை கொஞ்சம் சேருங்க. தலை சுத்துறது மாத்திரையாலகூட இருக்கலாம், அதை டாக்டர்கிட்ட அவசியம் சொல்லுங்க."

வெளியே வந்து பஸ் ஏறினோம். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அடுப்பு அணையவில்லை. ஆனால் களைப்பாகத்தான் இருந்தது. அத்தனை மாதமாக நான் கூட்டியது எல்லாம் வேறு யாருடைய சாப்பாடோ. மேலே இருந்த கம்பியைப் பிடிக்கக்கூடக் கை தூக்க முடியவில்லை. ஓர் இடம் கிடைத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

"எப்ப மாத்துன?"

"மோதிரத்துக்கு நூல் சுத்துன அன்னைக்கு. நீங்க நாலுலருந்து மூணுக்கு வந்த வாரம்."

"சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா மூண ரெண்டாக்குவிய." ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "எங்க அண்ணன் கப்பல்லருந்து எறங்கி வந்தப்ப இப்படித்தான் இருந்தான். தோள்பட்டை எலும்பு இந்த மாதிரித்தான் தெரிஞ்சிது. அதுக்கப்புறம் எத்தன நாளு இருந்தான்னு நீங்களும் பாத்தியதான."

பார்த்தேன்தான். அந்த மச்சானைத் தூக்கிப் போனவர்களில் நானும் ஒருவன். பெட்டி எவ்வளவு லேசாக இருந்தது என்று அன்றைக்கு எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

நான் குறைத்தேன், அவள் கூட்டினாள். அவள் கூட்டியதால் எனக்குப் பயம் வந்தது, பயத்தில் இன்னும் குறைத்தேன். நான் குறைத்ததால் அவளுக்குப் பயம் வந்தது. ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில், இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

"ஒண்ணு கேக்கேன். பசிச்சிதா உங்களுக்கு?" என்று கேட்டாள். "கேட்டப்பல்லாம் இல்ல இல்லன்னிய."

டாக்டரிடமும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தேன். நண்பரிடமும் அப்படித்தான். பசிக்கிறது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் எல்லாம் சரிந்துவிடும் என்று ஒரு எண்ணம்.

"பசிச்சிது."

"எப்ப?"

"எப்பவும்தான்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் நிறுத்தத்துக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருக்கும்போது எழுந்துவிட்டாள். "எறங்குங்க." ஏன் என்று கேட்கிற தெம்பு எனக்கில்லை. மத்தியானச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் முன்னால் போய் நின்றாள். நாங்கள் வெளியே சாப்பிடுகிற ஆட்களே இல்லை. இலை போட்டார்கள். பரிமாறுகிற பையன் என்னைப் பார்த்து, "சோறு போதுமாய்யா?" என்றான். வழக்கமாக இந்த இடத்தில் கையை இலைக்குக் குறுக்கே நீட்டிவிடுவேன். நீட்டவில்லை. அவன் போட்டான். பாறை மீன் குழம்பு. ஒரு பொரித்த துண்டு, கொஞ்சம் கருவாட்டுத் தொக்கு. அவள் தன் இலையிலிருந்த துண்டையும் எடுத்து என் பக்கம் வைத்தாள். எண்ணினேன்தான். எண்ணாமல் இருக்க எனக்கு வராது. ஆனால் கூட்டவில்லை.

மறுநாள் காலையில் எடை பார்க்கவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பார்த்தேன். அறுநூறு கிராம் ஏறியிருந்தது. மாத்திரை முழுசாகிவிடும், ஊசி வந்துவிடும் என்று மனசு பழைய வழியிலேயே ஓடியது. அடுக்களை வாசலில் போய் நின்று அவளிடம் சொன்னேன்.

"அறுநூறு கூடிருக்கு."

"அது தண்ணியும் உப்பும். நேத்து கருவாட்டுத் தொக்கும் சேத்துல்லா தின்னிய" என்றாள் திரும்பாமலே. "ஒரு வாரம் பாருங்க. அப்பவும் ஏறுனா ரெண்டு பேருமா அந்தப் பிள்ளையத் திரும்பப் போய்ப் பாப்போம்."

பகல் முழுக்க அந்த அறுநூறு கிராம் என்னோடு இருந்தது. டாக்டருக்குப் போன் பண்ணி, தலைசுற்றலைச் சொல்ல நேரம் வாங்கினேன். மாலையில் கடற்கரை ரோட்டில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். ராத்திரி அவள் கூப்பிட்டபோது, வேண்டாம் என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. அவள் தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. அவளும் களைத்துப்போயிருந்தாள். நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.