ஒரே குத்து

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். என் மகன் பொறியியல் மாணவன். வெளிநாட்டுத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பிரித்து, நம் பக்கத்துப் பழைய போராக மாற்றிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் கும்பினிச் சிப்பாய்கள், மறுபக்கம் பாளையக்காரர் ஆட்கள். எல்லார் கையிலும் ஒரு துப்பாக்கி, அதன் முனையில் ஈட்டி. ஒரு முறை சுட்டால் மறுபடி மருந்து நிரப்ப நேரமாகும். அதற்குள் எதிரி நெருங்கிவிட்டால் ஈட்டிதான். உடுப்புக்கும் கோட்டைச் சுவருக்கும் என்னைத்தான் கேட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஈட்டியில்தான் தகராறு வந்தது. மூன்று குத்து வாங்கினால்தான் ஆள் விழுவான் என்று வைத்திருந்தான்.

"ஏங்கண்ணு, வயித்துல ஈட்டி எறங்குனவன் மறுக்கா நிமுந்து சுடுவானா? வெளையாட்டுன்னாலும் ஒரு நெசம் வேண்டாமா?"

"ஒரே குத்துல செத்தா அப்பறம் எவனுங்கப்பா நின்னு சுடுவான்? எல்லாரும் ஈட்டிய நீட்டிக்கிட்டு ஓடிருவானுங்க. துப்பாக்கிய எவனும் தொடமாட்டான்."

சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "ஏனுங்க, பொட்டிக்குள்ள செத்தவன் எந்திரிச்சா உங்களுக்கென்னங்க? உங்க சோத்தையா திங்கப்போறான்?"

மகன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆயுதம் பற்றி நீளமாகப் பேசினேன். கடைசியில் அவன், "சரிங்கப்பா" என்றான். ஆனால் எதையும் மாற்றவில்லை.

அவன் கல்லூரி விழாவில் அந்த விளையாட்டை அரங்கில் போட்டுக் காட்டப்போகிறான் என்றதும், என் துறை நண்பர்கள் இருவரை நானே அழைத்திருந்தேன். இரண்டு குத்து வாங்கியும் சிப்பாய் ஓடுவதைக் கண்டு அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயம். ஈட்டியின் பலம் எந்த எண்ணில் இருக்கிறது என்று அவனே ஒருநாள் ஆசையாகக் காட்டியிருந்தான். விழாவுக்கு முதல்நாள் அவன் குளிக்கப் போயிருந்தபோது அந்த எண்ணைக் கூட்டிவைத்தேன். சரிங்கப்பா என்றவன்தானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விழாவில் மாணவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஆடினார்கள். சற்று நேரம் சுட்டார்கள். ஒருவன் ஓடிப்போய்க் குத்தினான், எதிரி விழுந்தான். அதன்பின் எவனும் சுடவில்லை. கோட்டை, மதில், மாதக்கணக்கில் என் மகன் வரைந்த மரங்கள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடு மைதானத்தில் குத்தினார்கள், செத்தார்கள், மறுபடி முளைத்துவந்து குத்தினார்கள்.

"டேய், சேவக்கட்டுடா இது! எஞ்சேவலுக்குக் கத்தி கட்டியாச்சு, வாடா!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்த, அரங்கமே கூவத் தொடங்கியது.

நடுவராக வந்த பேராசிரியர் கேட்டார்: "தம்பி, அப்பறம் துப்பாக்கி எதுக்குப்பா?"

மகன் திரையைப் பார்த்தான். பிறகு முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நான்தானுங்க சார் தப்பாப் போட்டுப்போட்டேன்."

நான் எழுந்திருக்கவில்லை. என் நண்பர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தான். கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அடுத்த வாரம் அந்த விளையாட்டைக் கம்ப்யூட்டரிலிருந்தே அழித்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் செய்த எதையும் என்னிடம் காட்டியதில்லை. இன்று வேறு ஊரிலிருந்து போன் செய்தால் சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

ஒரே குத்தில் விழுவான் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தாராபுரத்துப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் ஒரே வெட்டில் கிடா விழுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆயுதம் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தக் கிடாயை முன்னும் பின்னும் ஆள் பிடித்திருப்பார்கள் என்பது அன்று என் நினைவுக்கு வரவில்லை. சண்டையில் எதிரி நகர்வான், திருப்பிக் குத்துவான். என் மகனுக்கு அது தெரிந்திருந்தது.

வெட்டும் முன் கிடாயின் மேல் தண்ணீர் தெளிப்போம். அது உடம்பைச் சிலிர்த்தால் சம்மதம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்வோம். அவன் அன்று சொன்ன "சரிங்கப்பா"வையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.