நான் தொலைக்காத கட்டு

எழுபதுகளின் கடைசியில் அந்த வக்கீல் ஆபீசில் ஜூனியராகச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாருக்கும் கறுப்புக் கோட்டு தைத்ததில்லை. அல்லிநகரத்துத் தையல்காரர் மூன்று தடவை அளவெடுத்தார்.

சீனியர் பெரிய சிவில் வக்கீல். சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம், அதை மறுக்கமாட்டேன். ஆனால் மனுசனா அவர்? பெஞ்சில் பத்துக் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போதே கேஸ் கட்டைத் தூக்கி என் நெஞ்சில் எறிவார். நாடா அவிழ்ந்து காகிதமெல்லாம் தரையில் பறக்கும். நான் குனிந்து பொறுக்கவேண்டும். "மாடு மேய்க்கப் போறவனெல்லாம் கோட்டை மாட்டிக்கிட்டு வந்துட்டான்" என்பார். கட்சிக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்காவிட்டால் அடுத்தது அவர்களுக்கு. அந்த ஆபீசில் அவர் முன்னால் நான் நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது. கேட்டால், தொழில் பழகுவது என்றால் அப்படித்தானாம். எந்தச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது அது?

ஆறே மாதத்தில் எனக்கு வயிற்றுவலி வந்தது. காலையில் பஸ் ஏறும்போதே குமட்டும். தேனி டாக்டர் காரத்தைக் குறைக்கச் சொல்லி வெள்ளை மருந்து ஒன்று கொடுத்தார். என் மனைவிதான் கண்டுபிடித்தாள். "ஞாயித்துக்கிழமை மட்டும் நல்லாச் சாப்பிடுறீக. அது என்ன சீக்கு, லீவு பாத்து லீவு விடுது?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் ஓர் அம்மாளின் கேஸ் வந்தது. முக்கால் ஏக்கர் நஞ்சை. அதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் இல்லை. கொழுந்தன் அது தன்னுடையதென்று வழக்குப் போட்டு, கீழ்க்கோர்ட்டில் ஜெயித்துவிட்டான். முப்பது நாளுக்குள் அப்பீல் போட்டாகவேண்டும். தீர்ப்பு நகலோடு கட்டைச் சீனியர் எடுத்துக்கொண்டு மலைமேல் தன் ஏலத்தோட்டத்துக்குப் போனார், பங்களாவில் நிம்மதியாகப் படிக்கிறேன் என்று. திரும்பும்போது ஏலக்காய் மூட்டை வந்தது, கட்டு வரவில்லை. நான் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். இரண்டாம் தடவை, "எனக்கு நீ சட்டம் சொல்லித் தாரியாலே?" என்று கத்தினார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. கெடு முடிந்து நாற்பது நாள் கழித்து, தோட்டத்துக் கங்காணி பங்களாவைக் கூட்டும்போது கட்டு கிடைத்தது.

தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கோர்ட்டில் மனுப் போடலாம். அதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தை ஒருவர் பிரமாணப் பத்திரத்தில் சத்தியம் செய்து சொல்லவேண்டும். சீனியர் மளமளவென்று சொல்ல, குமாஸ்தா தட்டச்சு செய்தார்: மேற்படி கட்டை ஜூனியர் வக்கீலாகிய நான் கவனக்குறைவாக வேறு கட்டுகளுக்குள் வைத்துத் தொலைத்துவிட்டேன்.

தட்டச்சான தாள் என் முன்னால் வந்தது. "போடுறா கையெழுத்த" என்றார் சீனியர். போட்டேன்.

வெளியே வந்ததும் குமாஸ்தா என் தோளைத் தொட்டார். "விடுங்க தம்பி. நீங்க வாரதுக்கு முன்னாடி எல்லாத்தையும் நாந்தான் தொலைச்சேன். இருவது வருசத்துல ஏழு கட்டு. நெசத்துல ஒரு துண்டுக் காகிதம் தொலைச்சதில்ல." ஊரிலுள்ள ஆபீஸ்களில் எல்லாம் இது வழக்கம்தானாம். பெரியவர்கள் மறப்பதில்லை, சின்னவர்கள் தொலைப்பார்கள். நல்ல வழக்கம்! நாசமாய்ப் போக.

மனு விசாரணைக்கு வந்த நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பத்திரத்தை ஊரறிய வாசித்தார். அந்த அம்மாள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உத்தரவை ஒத்திவைத்துவிட்டு ஜட்ஜ் எழுந்ததும், வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எங் காணிக் காகிதத்தையாய்யா தொலைச்சீக? உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணுனேன்?"

சீனியர் பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை சொல்லவேண்டாம், பேசாமலாவது போயிருக்கலாம். "நீ அழுகாதம்மா. இந்த முட்டாப்பயல நான் பாத்துக்கிறேன்" என்று என் பின்மண்டையில் பொட்டென்று ஒன்று வைத்தார். எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணமானவன். கோட்டும் கவுனும் போட்டுக்கொண்டு நிற்கிறேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைக் கும்பிட்டாள்.

உண்மையைச் சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் மனு தள்ளுபடி, அவள் நிலம் போச்சு. சொல்லாவிட்டால் என் பேர் போச்சு. அவர் கட்டுகளைத் தூக்கிக் காரில் வைத்தேன்.

மனு அனுமதியானது. மறுநாளே அந்த ஆபீசை விட்டு விலகினேன். கட்டைத் தொலைத்ததால் தானே விரட்டிவிட்டதாக அவர் சொல்லிக்கொண்டார். வேறு எந்த சீனியரும் என்னைச் சேர்க்கவில்லை. சின்னமனூரில் ஓர் உரக்கடை மாடியில் தனியாக போர்டு மாட்டினேன். வயிற்றுவலி நின்றது, கேஸும் அதிகம் வரவில்லை.

நாலைந்து வருசம் கழித்து ஒருநாள் அந்த அம்மாள் படியேறி வந்தாள். அப்பீலில் ஜெயித்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். இப்போது வாய்க்கால் தகராறாம். மாடியில் ஒரு வக்கீல் இருப்பதாக உரக்கடைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வாசலில் என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த காகிதத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஆத்தி, நீகளா? வேணாம்யா, கோவிச்சுக்கிறாதீக. எங்கிட்ட இருக்கது இந்த ஒரு காகிதந்தான்."

"அம்மா, அந்தக் கட்டை நான் தொலைக்கலம்மா. சீனியர்தான் தோட்டத்துல விட்டுட்டு வந்தாக. நான் ரெண்டு தடவை ஞாபகப்படுத்துனேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"அப்பறம் எதுக்குய்யா தொலைச்சேன்னு சத்தியம் பண்ணுனீக?"

'உங்க நிலத்துக்காகத்தான்' என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் பொய். கையெழுத்துப் போட்டபோது அவள் நினைப்பே எனக்கு இல்லை. அவர் அதட்டினார், நான் போட்டேன். அவ்வளவு பயம்.

அவள் மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போய்விட்டாள்.