துலிப்புக்கு வைத்த காவல்

மகளின் கிழிந்த நைலோன் காலுறைக்குள் குகநேசன் தலைமயிரை அடைத்துக்கொண்டிருந்தார். ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் கடைத்தொகுதிக்குப் பின்னாலுள்ள தரிப்பிடத்தில் காரை ஒரு மூலையில் விட்டு, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டுத்தான் இந்த வேலை. பக்கத்து இருக்கையில் ஒரு பெரிய கறுப்புப் பை. புருசெத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் றொபின் அன்று கூட்டி அள்ளிய மயிர் முழுவதும் அதற்குள் இருந்தது. கறுப்பு, நரை, பொன்னிறம், யாரோ ஒரு பிள்ளை சாயம் போட்டிருந்த ஊதாவும் கூட. ஒரு பிடி அடைத்து ஒரு முடிச்சு, அதற்குக் கீழே இன்னொரு பிடி அடைத்து இன்னொரு முடிச்சு. முடித்ததைத் தூக்கிப் பார்த்தால் தலையும் உடம்புமாய் ஒரு குட்டிப் பொம்மை போல இருந்தது. தும்மல் வந்ததே தவிர, அவருக்கு அது வேறு எதையும் நினைவூட்டவில்லை.

இவ்வளவு பாடும் ஒரு துலிப் பூ விரிவதைப் பார்ப்பதற்காக.

மட்டக்களப்பிலிருந்து வந்த குகநேசன் முதலில் நோர்வேயின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, புருசெத் அடுக்குமாடியில் கனகாலம் குடியிருந்தார். இப்போது பல வருடமாய் ஒரு பூ மொத்த வியாபாரியிடம் லொறி ஓட்டுகிறார். தைமாதக் குளிரில் கண்ணாடிக் கூடங்களிலிருந்து கடைகளுக்குத் துலிப் ஏற்றுவார். வாளி வாளியாய், கட்டுக் கட்டாய், எல்லாம் இறுக்கி மூடின மொட்டுகள். விரிந்துவிட்டால் கடைக்காரன் வாங்கமாட்டான். லட்சக்கணக்கில் சுமந்திருப்பார், ஒன்றாவது அவர் கையில் இருக்கும்போது வாய் திறந்ததில்லை.

கிடங்கில் கூட வேலை செய்யும் அல்பேர்ட் என்ற வயதான நோர்வேக்காரர்தான் ஒருநாள் கோப்பிக்கு நடுவில் அந்தக் கதையைச் சொன்னார். மண்ணில் நிற்கிற துலிப் காலை வெயிலுக்கு விரியுமாம், பின்னேரம் குளிர விழ மூடிக்கொள்ளுமாம், மறுநாள் மறுபடி விரியுமாம். "சாடியில் வைத்தாலும் விரியத்தான் செய்யும். ஆனால் அது வேறு" என்றார் அல்பேர்ட். குகநேசனுக்கு அது மனதில் ஒட்டிக்கொண்டது. சாடியில் விரிகிற பூவை அவரும் கண்டிருக்கிறார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கடன்பட்டவன் போல விரியும்.

மோர்டென்ஸ்ருட்டில் வரிசை வீடு ஒன்று வாங்கியதும், மனைவி இந்திராதேவி சமையலறைக்குத் திரைச்சீலை பார்க்க, அவர் மண்வெட்டி பார்த்தார். நான்கைந்து பாய் விரிக்கக்கூடிய ஒரு பின்வளவு. அதற்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் பைன் காடு. மண் உறைவதற்கு முன் துலிப்பும் மற்றப் பூக்களுமாய்க் கிழங்குகளை ஆழமாய்ப் புதைத்துவிட்டு, பனிக்காலம் முழுக்க ஜன்னலடியில் நின்று வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வருடம் மொட்டுச் சிவந்த மறுநாள் விடிய, தண்டுகள் மட்டும் நின்றன. கத்தரிக்கோலால் வெட்டியது போல. காட்டிலிருந்து இறங்கிய மான் ஒன்றின் வேலை. அடுத்த வருடம் வலை போட்டார். மான் வலையையும் இழுத்துக்கொண்டு போயிற்று. மூன்றாம் வருடம் விடியற்காலையில் சாரத்தோடு வளவுக்குள் ஓடிக் கத்தினார். மான் மென்றுகொண்டே திரும்பி, வாடகை தராதவனை வீட்டுக்காரன் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தது.

"அதுக்கும் பசிக்கும்தானே," என்றார் இந்திராதேவி. "பேசாமல் அதிலை வெந்தயக் கீரையைப் போடுங்கோவன். தின்னவாவது உதவும்."

அல்பேர்ட்டிடம் வழி இருந்தது. காய்ந்த இரத்தப் பொடி தூவினால் மான் வராது. குகநேசன் உடனே தலையாட்டி மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை முட்டை கூட வீட்டுக்குள் விடாத மனுசி இருக்கிற வாசலில் இரத்தமா? அப்படியென்றால் மனிதர்களின் தலைமயிர், என்றார் அல்பேர்ட். கழுவாத மயிராய் இருந்தால் இன்னும் நல்லது, மனித வாடைக்கு மான் பயப்படும்.

அதிலும் சிக்கல் இருந்தது. சோற்றில் ஒரு மயிர் கண்டால் பானையோடு கொட்டுகிறவர் இந்திராதேவி. வீட்டில் மயிர் பறந்தால் சண்டை வரும் என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. ஆகவேதான் கார்த் தரிப்பிடம். ஆகவேதான் அந்தப் பொம்மைகளை இலைகளுக்குள் மறைத்து, பாதியை மண்ணுக்குள் புதைத்து, மனைவி குளிக்கப் போன நேரத்தில் செய்த திருட்டு வேலை.

அந்த வசந்தம் சொல்லி வைத்தாற்போல் வந்தது. மாநகரசபையின் வண்டி வந்து, பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கத் தெருவில் கொட்டின சரளைக்கல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டு போன கிழமையே வேலியோரம் வெள்ளைப் பனிமணிப் பூக்கள் தலை குனிந்து நின்றன. அதற்குப் பின்னால் ஊதாவும் வெள்ளையுமாய்க் குரோக்கஸ். பிறகு திராட்சைக் குலை போன்ற குட்டி நீலப் பூக்கள், அதற்கும் பிறகு மஞ்சள் டாஃபடில். டாஃபடிலை மான் தொடாது, நஞ்சு. மூன்று வருடமாய் மஞ்சளை மட்டும் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்திருந்தது. இந்த முறை மஞ்சளுக்கு நடுவே துலிப் இலைகள் முழுதாய் எழும்பின. மே மாதம் பிறந்து, மொட்டுகளின் நுனியில் பச்சை மறைந்து சிவப்பு ஏறத் தொடங்கியது. வேலை விட்டு வந்தால் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் நேரே பின்வளவுக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லில்லெஸ்ட்ரோமிலிருந்து அவருடைய அக்கா யோகாம்பாள் வந்து, வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தார்.

"என்ன வடிவுகா பூவெல்லாம்! தம்பி, கண் படப்போகுது உன்ர வளவுக்கு."

சொல்லிவிட்டு இடியப்பம் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துக் குகநேசன் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது வீடு சாம்பிராணிப் புகைக்குள் கிடந்தது. வாசற்படியில் வெட்டின தேசிக்காய், குங்குமம் தடவி. மகள் கஜேந்தினி மாடிப்படியில் குந்திக்கொண்டு வாயைப் பொத்தியிருந்தாள். இந்திராதேவி கூடத்தின் நடுவில் நின்றார். காலடியில் மூடிய வாளி, மூடிக்கு மேலே ஒரு பைக்கற் உப்பு.

"உள்ளுக்கு வராதேங்கோ! முதல்லை காலைக் கழுவுங்கோ."

"என்ன நடந்தது, இந்திரா?"

"என்ன நடந்ததோ? ஆரோ எங்களுக்குச் செய்வினை செய்துபோட்டாங்கள்!" அவர் வாளியின் மூடியை ஒரு விரலால் தூக்கினார். "கறிவேப்பிலைச் சட்டி வைக்க இடம் பாப்பமெண்டு மண்ணைக் கிளறினால் பொம்மை பொம்மையாய் வருது. முழுக்க மயிர்! அதிலை ஒண்டு ஊதா மயிர். மனிசருக்கு எங்கையாவது ஊதாவிலை மயிர் இருக்குமே?"

"என்ரை வகுப்பிலை நாலு பேருக்கு இருக்கு," என்றாள் கஜேந்தினி.

"நீ வாயை மூடு. எக்ஸாமனுக்குப் படி."

குகநேசன் வாசலில் நின்றபடியே கூடத்து ஜன்னலால் வளவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். துலிப்புகள் நின்றன. மொட்டுகள் கொழுத்து, உச்சியில் ஒரு நூலளவு பிளந்து, நாளைய வெயிலுக்குக் காத்திருந்தன. காவல் மட்டும் இல்லை.

"என்ர அம்மா அப்பவே சொன்னவ," இந்திராதேவி மூச்சு விடாமல் தொடர்ந்தார். "மட்டக்களப்பிலை கலியாணம் செய்யிறாய், அங்கை மந்திரிச்சு ஆளைப் பாயோடை ஒட்டிவைப்பினமெண்டு. நான் சிரிச்சனான். இப்ப பாருங்கோ. ஞாயிற்றுக்கிழமை வளவுக்குள்ளை ஆர் வந்தது? ஆர் கன்னத்திலை கைவைச்சது?"

"ஐயோ, அக்காவையோ சொல்லுறாய்?"

"நான் ஒருதரையும் சொல்லேல்லை. மச்சாளுக்கு ரெலிபோன் எடுத்து, இப்பிடி இப்பிடிக் கிடந்தது, உங்களுக்கு ஏதும் தெரியுமோ எண்டு மட்டும் கேட்டனான்."

"அதுக்கு அக்கா என்ன சொன்னவ?"

பதில் மாடிப்படியிலிருந்து வந்தது. "மாமி தோக்கிலை ஏறீட்டா." ரயிலை அவள் ஒருநாளும் ரயில் என்று சொன்னதில்லை. "விபூதியும் கொண்டு வாறாவாம்."

இனி மறைத்தால் இரண்டு குடும்பம் உடைந்துவிடும். குகநேசன் சப்பாத்தைக் கழற்றினார், காலைக் கழுவினார், வந்து மனைவிக்கு முன்னால் நின்றார்.

"செய்வினை செய்தது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னார். மான், அல்பேர்ட், கறுப்புப் பை, கார்த் தரிப்பிடம். இந்திராதேவி இமைக்காமல் கேட்டார்.

"ஆற்றை மயிர் இது?"

"றொபின்ரை கடையிலை கூட்டினது."

"அப்ப ஆற்றையெண்டே தெரியாது. ஊர் உலகத்திலை உள்ளவையின்ரை மயிரெல்லாம் என்ர வாசலிலை!" வாளியைக் காலால் தள்ளினார். "ஒரு பூவுக்காக. ஒரு பூவுக்காக நான் மச்சாளை..." பாதியில் நிறுத்திக் கையால் நெற்றியைப் பிடித்தார். "இப்ப வந்து நிக்கப்போறா. நான் என்னத்தைச் சொல்லுறது?"

யோகாம்பாள் மேல்மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கைப்பையில் விபூதி, தேசிக்காய், வேப்பிலைக்குப் பதிலாய்க் கடையில் கிடைத்த ஏதோ ஒரு பச்சை இலை. "பயப்பிடாதகா, நான் வந்திட்டன்" என்று இந்திராதேவியின் நெற்றியில் முதலில் விபூதியைப் பூசிவிட்டுத்தான் என்ன நடந்தது என்று கேட்டார். தன்னைச் சந்தேகப்பட்டது அவருக்குக் கடைசி வரை விளங்கவேயில்லை. விசயம் தெரிந்ததும் கதிரையில் விழுந்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். இந்திராதேவிக்கு முதலில் கோபம் வந்தது. மச்சாளின் வயிறு குலுங்குவதைப் பார்க்கப் பார்க்க அவருக்கும் பொறுக்க முடியவில்லை.

குகநேசன் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலடியில் நின்றார்.

"நாளைக்கு வெயில் எண்டு சொல்லியிருக்கு," என்றார் யாரையும் பாராமல். "நாளைக்கு விரியும். விடியவே மான் வந்திடும்."

"அதுகளை மண்ணுக்குள்ளை திரும்ப வைக்க நான் விடமாட்டன்," என்றார் இந்திராதேவி.

"ஓம். நான் கேக்கேல்லை."

அவர் கேட்காததுதான் இந்திராதேவிக்குச் சங்கடமாய் இருந்தது. இவ்வளவு வருடத்தில் இந்த மனுசன் தனக்கென்று கேட்டது குறைவு. கார் கூடப் பிள்ளையின் வகுப்புகளுக்கென்றுதான் வாங்கினது. ஜன்னலில் தெரிந்த அந்த முதுகைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொண்டையை அவிழ்த்தார்.

"கண்டவையின்ரை மயிர்தான் கூடாது. எங்கடையெண்டால் பிழையில்லை. கஜேந்தினி, சீப்பையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு வா. உன்ர பழைய காலுறையையும்."

மே மாதத்துப் பின்னேரம், எட்டு மணிக்கும் வெளிச்சம் பட்டப்பகல் போல் இருந்தது. பின்வாசற் படிகளில் மூன்று பெண்களும் ஒருவருக்குப் பின் ஒருவராய் இருந்து ஒருவர் தலையை ஒருவர் வாரினார்கள். தேங்காயெண்ணெய் மணம் டாஃபடில் மேலாகப் போய் வேலியைத் தாண்டியது. யோகாம்பாள் தன் சீப்பைத் தூக்கிக் காட்டினார்.

"பார், ஒரு இழுப்புக்கு ஒரு காப்பளவு. இவ்வளவு நாளும் கொட்டுது கொட்டுது எண்டு அழுதன். இப்பத்தான் உதவுது."

"காணாது, மாமி. நான் என்ரையை வெட்டவா? இவ்வளவு?" கஜேந்தினி தோளைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு வருடமாய் அம்மாவிடம் கேட்டு நடக்காத காரியம் அது.

"நுனி மட்டும்."

"அம்மா, மான் பெரிசு."

இந்திராதேவி கணவனைப் பார்த்தார். அவர் நைலோனை நறுக்கிக்கொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் இருந்தார். "ஒரு சாண். அதுக்கு மேலை ஒரு நூலும் இல்லை," என்றார் இந்திராதேவி. கத்தரிக்கோல் ஓடும்போது, தேசிய நாளுக்குப் பழகுகிற பள்ளிக்கூட வாத்தியக் குழு தெருவில் தப்பும் தவறுமாய் ஊதிக்கொண்டு போயிற்று. மேளக்காரப் பெடியன் ஒருவன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தாளத்தைத் தவறவிட்டான்.

புதிய பொம்மைகளை இந்திராதேவியே நட்டார். ஒவ்வொன்றின் மேலும் மறக்காமல் விபூதி தூவினார் யோகாம்பாள்.

மறுநாள் விடிய மான் வந்தது. குகநேசன் ஜன்னலடியில் மூச்சுப் பிடித்து நின்றார். அது வேலியைத் தாண்டி, கழுத்தை நீட்டி, மூக்கைச் சுருக்கி நின்றது. ஒரு தும்மல். பிறகு நிதானமாய்த் திரும்பி, புல்லைத் தவிர வேறொன்றும் இல்லாத பக்கத்து வளவுக்குள் இறங்கியது.

வேலைக்கு வரவில்லை என்று அல்பேர்ட்டுக்குச் சொன்னார். காரணம் சொன்னபோது மறுமுனையில் அல்பேர்ட், "சரி, லொறியை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அசையாதே" என்றார்.

வெயில் பைன் மரங்களுக்கு மேல் ஏறி வளவுக்குள் விழுந்தது. குகநேசன் கவிழ்த்த வாளியின் மேல் இருந்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போது எதுவும் அசைவதாய்த் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் ஒன்று சற்று அகன்றிருந்தது. மற்றதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் முதலாவது இன்னும் அகன்றிருந்தது. எழுந்து போய்க் குனிந்து உள்ளே பார்த்தார். சிவப்புக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அடியில் மை போன்ற கறுப்பு, அதைச் சுற்றி மஞ்சள் விளிம்பு, நடுவில் பொடி தூவிய குட்டி விரல்கள். லட்சக்கணக்கான மொட்டுகளிலும் இதைத்தான் பூட்டிக் கொண்டு திரிந்திருக்கிறார். வளவு முழுக்க ஒவ்வொன்றாய்த் திறக்கத் திறக்க, அவர் ஒவ்வொன்றுக்கும் நடந்து நடந்து குனிந்தார். சத்தமாய்ச் சிரித்ததும் அவருக்கே தெரியவில்லை.

இந்திராதேவி தேத்தண்ணியும், சாமிக்குப் பூவெடுக்கிற சின்னத் தட்டும் கத்தரிக்கோலுமாய் வந்தார். வந்தவர் தானும் குனிந்து ஒரு பூவுக்குள் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, பின்னேரம் இது மூடுமெண்டோ சொன்னனீங்கள்?"

"ஓம். நாளைக்குத் திரும்ப விரியுமாம்."

இந்திராதேவி கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து, தட்டைப் படியில் வைத்தார். இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தார்.

"அப்ப நாளைக்குப் பறிப்பம். சாமி ஒருநாள் பொறுப்பார்."