பதினொரு மாத்திரைகளும் ஒரு நோட்டும்

மில் மூடியபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அறுந்த நூலைக் கண்டுபிடித்து முடி போடுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. முதியோர் குடியிருப்பில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவள், பதினான்கு வருடமாக அங்கேதான் இருக்கிறாள். மற்றவர்கள் நான்கு பேரைக் குளிப்பாட்டும் நேரத்தில் இவள் இரண்டு பேரைத்தான் முடிப்பாள். விரலிடுக்குவரை துடைத்து, அவர்கள் சொல்லும் கதைக்கெல்லாம் ‘ம்’ கொட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். ஆமையக்கா என்று பெயர் விழுந்ததில் வியப்பில்லை.

அங்கே மூன்று கட்டடங்கள். தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்பவர்கள் முன்கட்டடத்தில். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு சாவி. கைத்தாங்கல் வேண்டியவர்கள் நடுவில். நினைவு தப்பியவர்கள் பின்கட்டடத்தில். அதன் கதவுக்கு எண்பூட்டு உண்டு. உள்ளே போனவர் யாரும் முன்கட்டடத்துக்குத் திரும்பியதில்லை. ஆமையக்காவுக்கு அங்கேதான் வேலை.

போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவை அவர் மகள் அங்கே கொண்டுவந்து சேர்த்தாள். அடுப்பை அணைக்க மறந்துவிடுகிறார், பெற்ற மகளையே யாரென்று கேட்கிறார் என்று சொல்லி அழுதாள்.

காலை ஆறு மணிக்கு ஆமையக்கா குளிப்பாட்டப் போனால், அந்த அம்மா தெளிவாக இருப்பார். “ஏம்மா, நேத்து போட்ட சோப்பு வேற, இது வேற” என்பார். டிபன் வரும்வரை இருவரும் ஒரு ஆட்டம் ரம்மி போடுவார்கள். பதினைந்து நாளில் ஆமையக்கா ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. அதே அம்மா பதினொரு மணிக்கு, கையில் சீட்டைக் கொடுத்தால் வாயில் வைக்கப் பார்ப்பார்.

“இந்த வியாதி அப்படித்தான், வரும் போகும்” என்றார்கள் எல்லோரும். அவளும் நம்பினாள். ஒருநாள் மருந்து வண்டி வரத் தாமதமாகி, காலை மாத்திரைகள் மாலையில்தான் வந்தன. அன்று பகல் முழுக்க அந்த அம்மா பேப்பர் படித்தார். சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கியிருக்கிறது என்று சொல்லித் திருத்த வைத்தார். ஆமையக்காவுக்குச் சுருக்கென்றது.

தலைமை நர்ஸிடம் போய்ச் சொன்னாள். “சிஸ்டர், அந்தம்மாவுக்கு வியாதியைவிட மாத்திரைதான் ஜாஸ்தின்னு தோணுது.”

“குளிப்பாட்டுற வேலையை ஒழுங்கா முடி. வைத்தியம் பார்க்க ஆள் இருக்காங்க” என்றார் நர்ஸ்.

முகத்தில் அடித்தது போல் இருந்தது. ஒரு நோட்டை வாங்கினாள். மாத்திரை கொடுத்தது எத்தனை மணி, ஆட்டத்தில் யார் ஜெயித்தார், சொந்தப் பெயரைச் சரியாகச் சொன்னாரா என்று இருபத்தொரு நாள் எழுதினாள். புதன்கிழமை வரும் டாக்டரை நடைபாதையில் மறித்து நீட்டினாள்.

டாக்டர் நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மருந்துச் சீட்டுகளையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். மூன்று டாக்டர்கள், ஒருவர் எழுதியது ஒருவருக்குத் தெரியாமல், பதினொரு மாத்திரை எழுதியிருந்தார்கள். எப்போதோ ஆறிப்போன அரிப்புக்கான மாத்திரைகூட ஓடிக்கொண்டிருந்தது.

“மூணு மாத்திரை சேர்ந்து மூளையை மந்தமாக்குது. திடீர்னு நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம்” என்றார் டாக்டர். “நீங்க எழுதுறதை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா.”

அடுத்த மூன்று வாரம் லேசில் போகவில்லை. தூக்கம் வராமல் அந்த அம்மா எரிந்து விழுந்தார். டம்ளரை எறிந்தார். “உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்” என்றார். நாம்தான் கெடுத்துவிட்டோமோ என்று ஆமையக்கா நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். ஆனாலும் விடிந்தால் சீட்டுக்கட்டோடு போய் நிற்பாள்.

ஐந்தாவது வாரம், ஒரு மதியம், மூன்று மணிக்கு அந்த அம்மா ஆட்டத்தை ஜெயித்தார்.

மகள் பார்க்க வந்தபோது, அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “என்னடி, இப்படி குண்டாயிட்டே?” மகள் சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா எண்பூட்டுக் கதவைத் தாண்டி நடந்தார். வழிநெடுக ஆட்கள் நின்று கை தட்டினார்கள். பையைத் தூக்க வந்தவரை விலக்கிவிட்டு, முன்கட்டடத்து மேசையில், “என் அறைச் சாவியைக் குடுங்க” என்று கையை நீட்டினார்.

அதன்பின் எல்லோருடைய மருந்துச் சீட்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலசுவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. பின்கட்டடத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் வெளியே வந்தார்கள். எல்லோரும் வரவில்லை, சிலருக்கு நிஜமாகவே நினைவு போய்த்தான் இருந்தது. ஆனால் அவர்களுக்கும் மயக்கம் குறைந்து, சாப்பாடு ருசித்தது.

ஒரு புதன்கிழமை தலைமை நர்ஸே வந்து கூப்பிட்டார். “டாக்டர் கூட்டத்துக்கு வா. நான் அன்னைக்கு உன்கிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது.” கூட்ட அறையில் தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். ஆமையக்கா முனையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் முதலில் அவள் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க, யாரைப் பார்க்கணும்?”

அவள் நோட்டைப் பிரித்தாள். “பதினாறாம் ரூம் ஐயாவை, டாக்டர். தட்டுல இடது பக்கம் இருக்கிறதை அவர் தொடுறதே இல்லை. தட்டைத் திருப்பி வெச்சா சாப்பிடுறார். அது மறதி இல்லை, இடது பக்கம் அவருக்குத் தெரியறதே இல்லைன்னு நினைக்கிறேன்.”

எல்லோரும் பேனாவை எடுத்தார்கள்.