ஒற்றை ஆட்டுக்குட்டியின் வழக்கு

எழுபதுகளின் கடைசியில், மழை பொய்த்த ஒரு வருஷம். பரவைப் பக்கம் எங்கள் வீட்டு முன் அறையில் கிறிஸ்தவ டீச்சர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். ஒருநாள் என் ஓரகத்தி வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம் எல்லாம் தட்டில் வைத்து அவர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒங்க சாமியில தீர்க்கதரிசின்னு இருக்காகளாமே டீச்சர். என் வயலுக்குத் தண்ணி எப்ப வரும்னு குறி கேட்டுச் சொல்லுங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. தண்ணீர் ஏன் வரவில்லை என்று ஊருக்கே தெரியும். அவள் புருஷன், என் கொழுந்தன், செத்த பிறகு, கடைமடையில் இருந்த அவளுடைய ஒரே வயலின் முறைத்தண்ணீரை எங்கள் மாமனார் தன் வாழைக்குத் திருப்பிக்கொண்டார். ஊருக்கு முறை பிரித்துக் கொடுக்கும் பெரிய மனிதரும் அவரேதான். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் அழுவது? அந்த நெல் கருகினால் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் கஞ்சி இல்லை.

டீச்சர் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார். "தீர்க்கதரிசிங்க குறி சொல்றவங்க இல்லம்மா. ராஜா தப்பு செஞ்சா, கடவுள் சொன்னதா அவன் மூஞ்சிக்கு நேரா சொல்றவங்க." யூதர்களின் பழைய கதை ஒன்றைச் சொன்னார். அடுத்தவன் பெண்டாட்டியை எடுத்துக்கொண்டு, அவனையும் சாகடித்த ராஜா. "நல்ல ராஜாதான். பாய்மாருங்க அவரை நபின்னே சொல்வாங்க. அவருகிட்டப் போயி, கிடை கிடையா ஆடு வச்சிருந்தவன் ஏழையோட ஒத்தக் குட்டியை அறுத்துத் தின்னான்னு ஒரு தீர்க்கதரிசி சொன்னாரு. ராஜா கொதிச்சாரு. அந்த ஆளே நீதான்னாரு தீர்க்கதரிசி. ராஜா நெனச்சா அங்கேயே தலையை எடுத்திருக்கலாம்."

"ஆத்தாடி!" என்றாள் இவள்.

மறுநாள் காலையில் ஊர் கூடும் மந்தையில் தண்ணீர் முறை பிரித்துக்கொண்டிருந்தார் மாமனார். அவர் இருமினாலே வீடு அடங்கிவிடும். இவள் நேரே போய் நின்றாள்; நானும் பின்னாலேயே போனேன். "ஒரு வழக்கு மாமா" என்று அந்த ஆட்டுக்கதையைச் சொன்னாள்.

"எந்தக் களவாணிப்பய அவன்? இழுத்துட்டு வாங்கடா!" என்று மாமனார் துள்ளி எழுந்தார்.

"நீங்கதான் மாமா. அம்புட்டு வாழைக்கும் பாஞ்சது பத்தாதுன்னு என் முறையையும் எடுத்துக்கிட்டீங்க."

அறை விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மாமனார் மண்வெட்டியோடு வாய்க்கால் பக்கம் போய்க்கொண்டிருந்தார். யாரையும் ஏவவில்லை. வாழைக்குப் போன மடையைத் தன் கையாலேயே அடைத்துவிட்டு, தலையைத் தூக்காமல் நின்றார். தண்ணீர் கீழே அவள் வயலுக்கு ஓடியது.

"பயமா இல்லையாடி?" என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருந்துச்சுக்கா. ஆனா சொல்லாம விட்டா பயிரு மட்டுமா போகும்? மாமா தன்னை நல்லவருன்னு நெனச்சுக்கிட்டே போய்ச் சேந்துருப்பாரு."