ஒரு செம்பு குழாய்த் தண்ணீர்

புதிதாக அடித்த சுண்ணாம்பும் கழுவிவிட்ட ஆஸ்பத்திரித் தரையும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. வாயில் வைப்பதற்கு முன்பே மூக்கில் ஏறி, விழுங்கிய பின்னும் அண்ணத்தில் சற்று நேரம் தங்கியிருக்கும். சாந்தோமுக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே இருந்த எங்கள் சந்தின் முனைக் குழாயில், முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைகாலக் காலையில், தண்ணீர் அந்த வாடையோடு வந்தது. அப்போது எனக்குப் பதினோரு வயது. ஊரில் அங்கங்கே 'வாந்திபேதி' தலைகாட்டியிருப்பதால் தண்ணீரில் மருந்து கலக்கிறார்கள், பயப்படாமல் குடிக்கலாம் என்று நகரசபை ஆள் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே அதற்கு 'மருந்துத் தண்ணி' என்று பெயர் வைத்தாகிவிட்டது. துவைக்கவும் துலக்கவும் மாட்டுக்கு வைக்கவும் அதைப் பிடித்துக்கொண்டு, குடிப்பதற்கு மட்டும் வண்டிப்பேட்டைக்குப் பின்னாலிருந்த பழைய கிணற்றுக்குப் போனார்கள். அங்கேதான் வண்டி மாடுகளையும் கழுவினார்கள்; அது யார் கண்ணுக்கும் பெரிதாகப் படவில்லை.

எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர்தான். அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வகுப்பில் சுகாதாரப் பாடம் நடத்துகிறவர் வீட்டில் வேறு மாதிரி நடக்க முடியாது. எனக்கு அதில் பெருமை. சந்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் கிருமிகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். கிணற்றுத் தண்ணீரை வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றும் முனியம்மா மட்டும் நின்று கேட்பாள். கேட்டுவிட்டு, "அத்தெல்லாம் செரி நைனா, அந்தப் பூச்சிய நீ பாத்துகிறியா? அதுக்கு மீசை கீதா, கொம்பு கீதா?" என்பாள். சந்தே சிரிக்கும்.

என் பேச்சை நம்பியவர் ஒரே ஒருவர், கரீம் பாய். எங்களுக்கு நான்காவது வீடு. முன்னறையிலேயே புத்தகம் பைண்டிங் செய்துகொண்டிருந்தார். சிறு வயதில் வந்த நோயில் ஒரு கால் சூம்பிப்போனவர். அந்த ஆண்டு பள்ளிக்கூடத்துச் சுகாதாரப் புத்தகங்கள் அவரிடம் பைண்டிங்குக்கு வந்திருந்தன. பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீரைப் பற்றிய பாடத்தை நான் அவருக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். பசை தடவிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றுவிட்டது.

"இன்னொரு தபா படி பேட்டா" என்றார்.

படித்தேன். அவருடைய முதல் இரண்டு குழந்தைகளும் வயிற்றுப்போக்கில் போனவர்கள் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. மூன்றாவது ஜைனப், ஐந்து வயது, பைண்டிங்கில் மிஞ்சும் பளபளப்புக் காகிதத் துண்டுகளைப் பொறுக்கி என் சட்டைப் பையில் திணித்துவிட்டு ஓடுவாள். "இவ ஒருத்திதான் மிச்சம்" என்றார் பாய், புத்தகத்தைப் பார்த்தபடியே.

ஆனால் குழாயிலிருந்து குடம் தூக்க அவரால் முடியாது. அவர் மனைவி பாத்திமா பீவி 'கோஷா'. வாசலில் தொங்கும் சாக்குத் திரையைத் தாண்டித் தெருவுக்கு வரமாட்டார். "நானே கொண்டு வரேன் பாய், தினமும் ஒரு குடம்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாக ஏற்றுக்கொண்ட வேலை அது. முனியம்மா அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவது அன்றோடு நின்றது.

தினமும் குடத்தைத் திரைக்கு இந்தப் பக்கம் இறக்கி வைப்பேன். வளையல் போட்ட கை ஒன்று அதை உள்ளே இழுக்கும். ஒரு கணம் சத்தமிருக்காது. பாத்திமா பீவி குனிந்து மோந்து பார்க்கிறார் என்று அர்த்தம். அவருக்குப் படிக்கத் தெரியாது, கிருமியும் தெரியாது. அந்த வாடை இருந்தால் குழாய், இல்லாவிட்டால் கிணறு. அவ்வளவுதான் அவர் கையிலிருந்த பரீட்சை. "வாடை கீது" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு, "அல்லா உன்ன நல்லா வெப்பான் பாபு" என்பார்.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தேன். பிறகு கால் தரிக்கவில்லை. குழாயில் தண்ணீர் வருவது காலையில் ஒன்றரை மணி நேரம். எனக்கு முன்னால் இருபது குடங்கள் இருக்கும். பட்டினப்பாக்கம் கரையில் பெரிய வலை இழுக்கும் நேரமும் அதுதான். என் கூட்டாளிகள் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கொடுத்துவிட்டு, கைநிறையக் கிடைத்த பொடிமீனோடு ஈரக்காலாகத் திரும்பி வருவார்கள். வரும் வழியில் வரிசையில் நிற்கும் என்னைப் பார்த்து, "இன்னாடா, தாவணி எங்க?" என்று கத்துவார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் குடத்தைக் காலால் நகர்த்திக்கொண்டே கடலிருந்த திக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வழி எனக்கே தோன்றியது. எங்கள் வீட்டுக்கு அக்கா விடியுமுன் முதல் ஆளாகப் போய்த் தண்ணீர் பிடித்துவிடுவாள். அந்தத் தவலையிலிருந்து வாடைக்காக ஒரு செம்பு மொண்டு பாய் வீட்டுக் குடத்தில் ஊற்றினேன். மிச்சத்தைக் கிணற்றில் நிரப்பினேன். கிணற்றில் வரிசை கிடையாது. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. முதல் நாள் முனியம்மா அங்கே தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

"இன்னா வாத்தியாரூட்டுப் புள்ள, கெணத்தாண்ட வந்துட்ட? பொஸ்தகத்த மாத்திட்டாங்களா?"

"துவைக்கிறதுக்கு" என்றேன்.

"குடிச்சித்தான் பாரேன், மீச மொளைக்கும்" என்று சிரித்துவிட்டுத் தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

திரைக்குப் பின்னால் அன்று இரண்டு தடவை மூச்சை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இன்னிக்கி வாடை கம்மியா கீதே பாபு?" என்றார் பாத்திமா பீவி.

"மருந்து கம்மியாப் போட்டிருப்பாங்க பீவிம்மா" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் கடற்கரைக்கு ஓடினேன்.

ஒன்பது நாள் அப்படி நடந்தது. எட்டாம் நாள் மாலை கோடை மழை கொட்டியது. சாக்கடை நிரம்பி, வண்டிப்பேட்டைச் சாணமும் குப்பையும் மிதந்து கிணற்றடிவரை போனதை நானே பார்த்தேன். மறுநாள் காலையும் அந்தக் கிணற்றில்தான் குடத்தை நிரப்பினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை. அந்தச் சந்தில் அந்தப் பாடத்தை இரண்டு தடவை உரக்கப் படித்தவன் நான் ஒருவன்தான்.

அதற்கு மறுநாள் விடியற்காலையிலேயே ஜைனப்புக்கு வயிறு கழியத் தொடங்கியது. அப்பாதான் போய் டாக்டரை அழைத்து வந்தார். "என்ன தண்ணீர் குடிக்கிறாள்?" என்று டாக்டர் கேட்டார்.

"கொழாத் தண்ணிதான் டாக்டர் சார். வேற ஒரு சொட்டு உள்ள வர்ல. இதோ, இந்தப் புள்ளதான் கொண்டாந்து குடுக்குது" என்று பாய் என் தோளில் கை வைத்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து அவர்கள் வீட்டுக் குடத்தை ஒழுங்காகக் குழாயிலேயே பிடித்தேன். நான்கு நாள் கழித்து ஜைனப் எழுந்து உட்கார்ந்தாள். அந்தச் சனிக்கிழமை மாலை கோயிலில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டேன்.

"பொய் சொன்னேன் சாமி."

"எத்தனை தடவை?"

"ஒம்பது தடவை." டாக்டரிடம் ஆட்டிய தலையை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

"அதனால யாருக்காவது கெடுதல் உண்டா? உண்டானா, அவங்ககிட்டப் போய் சொல்லிச் சரிபண்ணணும், தெரியுமா?"

"இல்ல சாமி, ஒருத்தருக்கும் இல்ல" என்றேன். குழந்தைதான் எழுந்து உட்கார்ந்துவிட்டாளே. மாதாவுக்கு மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்து வெளியே வந்தபோது உடம்பு காற்றாக இருந்தது, வீடுவரை ஓடினேன். சங்கீர்த்தனம் செய்துவிட்ட பாவம் தீர்ந்த பாவம் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். பாயிடம் போய்ச் சொல்ல வேண்டிய ஒன்று இன்னும் பாக்கியிருக்கிறது என்ற எண்ணத்தை அந்த மூன்று மந்திரங்களும் என் தலையிலிருந்து துடைத்தெடுத்துவிட்டன.

திங்கட்கிழமை குடத்தை எடுக்கப் போனேன். பாய் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "வோணாம் பேட்டா. அந்த மருந்து நம்ம கொழந்தைக்கு ஒத்துக்கல. பழைய கெணறே போதும்" என்றார். அவருக்குப் பின்னால் திரையைத் தள்ளிக்கொண்டு முனியம்மா இடுப்புக் குடத்தோடு உள்ளே போனாள். போகிற போக்கில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். வாய்வரை வந்தது என்று எழுதத்தான் ஆசை. வரவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் பிரம்பு எத்தனை அடி என்ற யோசனைதான் வந்தது. அதன்பின் ஒவ்வொரு நாளும் அந்தக் குடம் உள்ளே போவதைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார முடியாது. சாப்பிடும்போது எழுந்து எழுந்து வாசலுக்குப் போவேன். "காலில் சக்கரமாடா கட்டியிருக்கு?" என்று அம்மா அதட்டுவாள். நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் சந்து முழுக்க, பாய் குழந்தைக்கே குழாய்த் தண்ணீர்தான் நோய் கொடுத்தது என்று பேசிக்கொண்டது. மெல்லக் குழாய்ப் பக்கம் திரும்பியிருந்த ஓரிரண்டு வீடுகளும் கிணற்றுக்கே போய்விட்டன.

ஐப்பசி மழையில் வாந்திபேதி எங்கள் சந்துக்குள்ளேயே வந்தது. ஜைனப்புக்குக் காலையில் கண்டது. மாலைத் தொழுகைக்குள் முடிந்துவிட்டது. டாக்டர் வருவதற்குக்கூட நேரம் கொடுக்கவில்லை. சந்தில் இன்னும் இரண்டு பேர் போனார்கள். அதன்பின் நகரசபை ஆட்கள் வந்து கிணற்றைப் பலகை போட்டு மூடினார்கள்.

மறு மாதம் பாய் குடும்பம் ராயப்பேட்டைக்குக் குடிபோயிற்று. வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது பாய் என்னைக் கூப்பிட்டார். என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். "நீ இன்னாத்துக்கு மூஞ்சிய இப்படி வெச்சிகினு கீற? நீ நல்லதத்தான் சொன்ன, நல்லதத்தான் செஞ்ச. கொழா துரோகம் பண்ணிச்சு, நீ இன்னா பண்ணுவ?" என்று என் தலையைத் தடவினார். அந்தக் கையில் பசை வாசனை அடித்தது. திரை கழற்றிய வாசலில் முக்காட்டோடு நின்ற பாத்திமா பீவியை முதன்முதலாகவும் கடைசியாகவும் முழுதாகப் பார்த்தது அன்றுதான். அவர் என்னைப் பார்க்கவில்லை.

வேலைக்குப் போன பிறகு ஒருமுறை ராயப்பேட்டையில் அவர் கடையைத் தேடிக் கண்டுபிடித்தேன். தலை நரைத்துக் குனிந்து பசை தடவிக்கொண்டிருந்தார். எதிர்ச் சாரியில் ஒரு மணி நேரம் மேலும் கீழும் நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அடுத்த முறை போனபோது அங்கே வேறு கடை இருந்தது.

இப்போது அந்தச் சந்தில் குழாயுமில்லை, வண்டிப்பேட்டையுமில்லை. கிணறு தூர்ந்து, அதன்மேல் யாருடைய காரோ நிற்கிறது. நான் அடையாற்றில் மகன் வீட்டில் இருக்கிறேன். சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் இயந்திரம் தண்ணீரிலிருந்து எல்லா வாடையையும் எடுத்துவிடுகிறது. "ஒரு வாசனையும் இல்லை பாருங்கப்பா" என்று மகன் பெருமையாகத் தம்ளரை நீட்டுகிறான். வாங்கி, குடிப்பதற்கு முன் மோந்து பார்க்கிறேன். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் விடாத பழக்கம். கல்யாண வீட்டிலும், ரயிலிலும், ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அப்படித்தான். ஏன் என்று கேட்டால் பழைய காலத்து மனிதன் என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன்.

தம்ளரை மூக்கருகே கொண்டுபோகும் அந்த ஒரு கணத்தில் சாக்குத் திரைக்குப் பின்னால் ஒருவர் குனிகிறார். படிக்கத் தெரியாத அவரிடம் இருந்த ஒரே பரீட்சை அது. அதில் அவர் ஒரு நாளும் தவறவில்லை. அவர் சொன்னது சரி. வாடை இருந்தது. ஒரு செம்பு அளவுக்கு இருந்தது.